வேரடி மண்ணின் குடிகள்

2021 ஆம் ஆண்டின் காலபோகத்துக்கு வன்னியில் விதைப்பு முடிந்து, பயிர் முளைத்து இரண்டு கிழமைகள் கடந்திருந்த வேளை. பரந்தனுக்கு அண்மையிலுள்ள வயற்கிராமம் ஒன்றிலே, விவசாய பீடத்தில் இறுதியாண்டு பயின்றுகொண்டிருந்த மாணவன் ஒருவனிடம் அவனுடைய தந்தையார் ஒரு போத்தலை நீட்டினார். விரிவுரைகள் இணையவழி நடைபெற்ற காலமாதலால் அவன் வீட்டிலேயே இருந்தான். போத்தலினுள் பழுப்பு நிறத் திரவம் இருந்தது. வளியிலுள்ள நைதரசனைப் பற்றிப் பயிருக்கு ஊட்டும் நுண்ணங்கிகள் அதில் அடங்கியுள்ளன என்றும், யூரியாவுக்கு அது தக்க மாற்றீடு என்றும் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்த தாள் கூறிற்று.

"தம்பி, நீ இதைத்தானே படிக்கிறாய்? உள்ளதைச் சொல்லு. இதை விட்டால் யூரியா இல்லாமல் ஒப்பேற்றலாமோ?"

பரீட்சை மண்டபத்தில் இவ்வினா எழுந்திருப்பின், அவன் நான்கு பக்கங்களில் விடையெழுதி நல்ல புள்ளிகள் பெற்றிருப்பான். வயல் வரம்பில் எழுந்தபோது அது வேறு வினாவாகிவிட்டது. அதன் பின்னால் ஐந்து ஏக்கர் பயிர் நின்றது; உழவுக்கும் விதைநெல்லுக்குமாக அடகுக்குச் சென்ற தாயாரின் காப்புகள் நின்றன. மேற்கட்டுப் பசளை இடவேண்டிய நாளோ நெருங்கிக்கொண்டிருந்தது. "எனக்கு இப்ப சரியாய்த் தெரியாது ஐயா. பார்த்துச் சொல்லுறன்" என்றான் அவன். பட்டம் பெறப்போகும் ஒருவன் தந்தையின் முன் கூறுதற்கு அரிய சொற்கள் அவை.

அவ்வாண்டின் நிலைமை யாவரும் அறிந்ததே. ஏப்ரல் மாதத்தில் இரசாயனப் பசளைகளின் இறக்குமதியை நிறுத்துவதென அரசு தீர்மானித்தது. மே மாதத்தில் அதற்கான வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. 1962 ஆம் ஆண்டு முதல், இடையிற் சில ஆண்டுகள் நீங்கலாக, நெற்செய்கைக்கு மானியப் பசளை வழங்கிவந்த நாடு இது. ஏறத்தாழ அறுபதாண்டுப் பழக்கம் ஒரு போகத்துக்குள் மாறிவிடும் என எதிர்பார்க்கப்பட்டது. யூரியா நின்ற இடத்தில் கூட்டெருவும் திரவப் பசளைகளும் நுண்ணங்கிக் கலவைகளும் வந்து நின்றன. சீனாவிலிருந்து தருவிக்கப்படவிருந்த சேதனப் பசளையின் மாதிரிகளிலே தீங்கு பயக்கும் பற்றீரியாக்கள் உண்டெனத் தேசிய தாவரத் தொற்றுத்தடுப்புச் சேவை அறிவித்ததும், வழங்குநர் அதனை மறுத்ததும் அவ்வாண்டிலேயே நிகழ்ந்தன. இவ்வாறு, பற்றீரியா என்ற ஒரே சொல் ஒரு பக்கம் நஞ்சாகவும் மறுபக்கம் அமுதமாகவும் பேசப்பட்டது. இரு சாராரும் மறந்த உண்மை ஒன்றுண்டு: அந்த வயலின் மண்ணில் எந்தப் போத்தலும் வருமுன்னரே பற்றீரியாக்கள் குடியிருந்தன.

மாணவன் தன் குறிப்பேடுகளை மீண்டும் புரட்டினான். முன்னர் மனனஞ்செய்து மறந்த பெயர்கள் இப்போது வேறு முகத்தோடு எதிர்ப்பட்டன. அவற்றுள் முதலாமவர் ஜேர்மனியரான லோறென்ஸ் ஹில்ற்னர். 1904 ஆம் ஆண்டில் அவர், வேரின் செல்வாக்குக்கு உட்பட்ட மண்ணைக் குறித்தற்கு ஒரு தனிச்சொல்லை ஆக்கினார். தமிழில் அதனை வேர்மண்டலம் என்கிறோம். தாவரம் ஒளித்தொகுப்பால் ஆக்கிய காபன் சேர்வைகளின் ஒரு பங்கை வெல்லங்களாகவும் சேதன அமிலங்களாகவும் அமினோவமிலங்களாகவும் வேர்வழியே மண்ணிற் கசியவிடுகிறது. அக்கசிவை உண்ணும் பொருட்டு பற்றீரியாக்கள் வேரைச் சூழ்ந்து பெருகுகின்றன. வேரிலிருந்து சில மில்லிமீற்றர் தூரத்துக்குள் நிகழும் இவ்வாழ்வு, அதற்கப்பாலுள்ள மண்ணின் வாழ்வினும் பன்மடங்கு அடர்ந்தது. நெல்லாயினும் கோதுமையாயினும் சோளமாயினும் ஒவ்வொரு தானியப் பயிரும் தன் வேரைச் சுற்றி ஓர் ஊரைக் குடியேற்றிக்கொள்கிறது எனலாம். ஊருக்குச் சோறிடுவது பயிர்; ஊர் செய்யும் தொழில்கள் பல. சேதனப் பொருளைச் சிதைத்து அமோனியத்தை விடுவிப்போர் உளர். கரையாத பொசுபேற்றைக் கரைப்போர் உளர். வளிமண்டல நைதரசனைப் பதிப்போர் உளர். நோய்க்கிருமிகளைத் தடுப்போரும், நோய் செய்வோரும் உளர்.

நெல்வயலின் வேர்மண்டலம் இன்னுஞ் சிக்கலானது. நீர் நிறுத்திய வயலில், மேற்பரப்பிலுள்ள மெல்லிய படையைத் தவிர்ந்த ஏனைய மண் ஒட்சிசனற்றது. ஆயினும் நெற்பயிர் தன் இலைவழியே பெற்ற காற்றைத் தண்டினதும் வேரினதும் காற்றறைகளூடாகக் கீழே கொண்டுசெல்கிறது. அதில் ஒரு பங்கு வேரைச் சுற்றிக் கசிகிறது. இதனால், சேற்றின் நடுவே ஒவ்வொரு வேரும் ஒட்சிசன் நிறைந்த ஒரு மெல்லுறையை அணிந்து நிற்கிறது. வயலில் இட்ட யூரியாவை முதலில் எதிர்கொள்வனவும் நுண்ணங்கிகளே. அவற்றின் யூரியேசு நொதியம் அதனை அமோனியமாக மாற்றுகிறது. பயிர் உறிஞ்சியது போக எஞ்சிய அமோனியத்தை, ஒட்சிசன் உள்ள இடத்தில் ஒருவகைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்குகின்றன. அந்த நைத்திரேற்று சற்றே நகர்ந்து ஒட்சிசனற்ற சேற்றை அடைந்ததும், வேறுவகைப் பற்றீரியாக்கள் அதனை நைதரசன் வாயுவாக்கி வளிக்கே திருப்பிவிடுகின்றன. வயல்நீரில் வாழும் அல்காக்கள் பகற்பொழுதில் ஒளித்தொகுப்புச் செய்ய நீரின் காரத்தன்மை உயர்கிறது. அப்போது அமோனியாவாகவும் ஒரு பகுதி ஆவியாகிறது. விவசாயி தோளிற் சுமந்து சென்று வீசிய யூரியாவின் பெரும்பகுதி இவ்விதமே பயிரைச் சேராது போகிறது.

இங்கே மாணவனை நிறுத்திச் சிந்திக்கவைத்த செய்தி ஒன்றுண்டு. யூரியா தாராளமாக இடப்பட்ட நெற்பயிரிலுங்கூட, அதன் உடலிலுள்ள நைதரசனில் அரைவாசிக்கு மேற்பட்ட பங்கு பெரும்பாலும் மண்ணிலிருந்தே வருகிறது. மண்ணின் சேதனப் பொருளை நுண்ணங்கிகள் சிதைத்துக் கொடுத்த பங்கு அது. பசளை மூடை பயிரை வளர்க்கிறது என்ற பேச்சு பாதி உண்மையே. மறுபாதியைப் பேசாத குடிகள் செய்துமுடிக்கின்றன.

அவ்வாறாயின் பசளை அக்குடிகளுக்கு என்ன செய்கிறது? இவ்வினாவுக்கு விடைகாண விழைவோர் இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட்டை நோக்குதல் தகும். ஜோன் பெனற் லோசும் ஜோசப் ஹென்றி கில்பேட்டும் 1843 ஆம் ஆண்டில் புறோட்போக் என்னும் வயலில் தொடங்கிய கோதுமைப் பரிசோதனை இன்றும் தொடர்கிறது. அவ்வயலில் ஒரு துண்டுக்கு அன்றுதொட்டு எருவோ பசளையோ இடப்படவில்லை. ஒரு துண்டுக்கு ஆண்டுதோறும் ஹெக்டேயருக்கு 35 தொன் தொழுவெரு இடப்படுகிறது. வேறு துண்டுகளுக்கு அளவறிந்த இரசாயனப் பசளைகள் இடப்படுகின்றன. எதுவும் இடப்படாத துண்டு ஹெக்டேயருக்கு ஏறத்தாழ ஒரு தொன் தானியத்தையே தருகிறது. தக்க அளவு இரசாயனப் பசளை பெற்ற துண்டுகள் அதனிலும் பன்மடங்கு தருகின்றன. விளைச்சலை மட்டும் நோக்குவோர்க்குக் கதை இங்கேயே முடிந்துவிடும். ஆனால், 1976 ஆம் ஆண்டில் ஜென்கின்சனும் பவுல்சனும் மண்ணிலுள்ள நுண்ணங்கிகளின் மொத்த நிறையை மதிப்பிடும் முறையொன்றை வெளியிட்ட பின்னர், கதையின் மறுபக்கமும் தெரியவந்தது. தொழுவெருத் துண்டின் நுண்ணங்கித் திணிவு, இரசாயனப் பசளைத் துண்டினதைப் போல ஏறக்குறைய இருமடங்காகக் காணப்பட்டது.

இதனைக் கொண்டு, இரசாயனப் பசளை மண்ணின் உயிரைக் கொல்கிறது என்று முடிவுகட்டுவோர் பலர். மாணவனும் முதலாமாண்டில் அவ்வாறே ஒரு கட்டுரை எழுதிப் பாராட்டுப் பெற்றவன். ஆனால் சான்றுகள் அம்முடிவைத் தாங்கவில்லை. 2014 ஆம் ஆண்டில் கெய்செலர், ஸ்கோ என்னும் இரு ஆய்வாளர் உலகெங்குமுள்ள 64 நீண்டகாலப் பரிசோதனைகளைத் தொகுத்து நோக்கினர். எதுவும் இடப்படாத மண்ணுடன் ஒப்பிடுகையில், கனியப் பசளை பெற்ற மண்ணில் நுண்ணங்கித் திணிவு சராசரியாக 15 சதவீதம் கூடியிருந்தது. காரணம் வெளிப்படை. பசளை பயிரைப் பெருக்குகிறது. பெருகிய பயிர் மிகுந்த வேரையும் தாளையும் மண்ணுக்கு விட்டுச்செல்கிறது. அதுவே நுண்ணங்கிகளின் உணவு. ஆயின், பசளையினால் மண்ணின் பீஎச் பெறுமானம் 5 க்குக் கீழே வீழ்ந்த இடங்களில் நுண்ணங்கித் திணிவு குறையும் போக்கே காணப்பட்டது. அமோனியத்தைப் பற்றீரியாக்கள் நைத்திரேற்றாக்கும்போது அமிலம் பிறக்கிறது. றொதம்ஸ்ரெட்டின் பாக் கிறாஸ் புல்வெளியில் 1856 ஆம் ஆண்டு முதல் பரிசோதனை நடைபெறுகிறது. அங்கே சுண்ணாம்பு இடாது அமோனியஞ் சல்பேற்று மட்டும் இடப்பட்டுவந்த துண்டுகளின் மண் பீஎச் 4 க்கும் கீழே இறங்கிவிட்டது. ஆகவே, கொல்வது எது என்று கேட்பின், மூடையிலுள்ள உப்பைக் காட்டிலும், அளவும் மாற்றுமின்றி ஆண்டாண்டாக இட்டதனால் விளைந்த அமிலமே எனல் பொருந்தும்.

எண்ணிக்கை ஒருபுறமிருக்க, குடிகளின் இயல்பும் மாறுகிறது. 2021 ஆம் ஆண்டில் றொதம்ஸ்ரெட் ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வொன்று கோதுமையின் வேர்மண்டலத்தை ஆராய்ந்தது. இரசாயனப் பசளை இடப்பட்ட பயிரின் வேர்களில், பயிர் வளர்ச்சிக்குத் துணைபுரியக்கூடிய பற்றீரியாக்களின் பங்கு குறைந்திருந்தமை அதிற் கூறப்பட்டது. வேண்டியதெல்லாம் வாயிலிலே கிடைக்கப்பெற்ற பயிர், துணைவரைப் பேணுதற்குத் தேவையற்றுப் போகிறது போலும். இங்ஙனம், ஊர் அழிவதில்லை. ஊரின் தொழில்கள் மாறிவிடுகின்றன. யூரியாவை ஒரே நாளில் நிறுத்தினால் வயல் ஏன் உடனே பழைய நிலைக்குத் திரும்பாது என்பதற்கும் இதிலே விடையின் ஒரு பகுதி உண்டு.

போத்தலின் வரலாறு இன்னொரு கிளை. 1886 ஆம் ஆண்டில் ஹெல்றீகல் அவரையினத் தாவரங்களின் வேர்ச்சிறுகணுக்களே வளிமண்டல நைதரசனைப் பெறுதற்குக் காரணம் எனத் தம் ஆய்வின் முடிபை அறிவித்தார். 1888 இல் ஒல்லாந்தரான பெய்ஜரிங்க் அச்சிறுகணுக்களிலிருந்து பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். அதன்பின் பத்தாண்டு செல்லுமுன்னரே, 1896 இல், நொபேயும் ஹில்ற்னரும் அதனைப் போத்தலில் அடைத்து நைத்திராஜின் என்ற பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். வேர்மண்டலத்துக்குப் பெயரிட்டவரும் நுண்ணங்கிப் பசளையைச் சந்தைக்கு அனுப்பியவரும் ஒருவரே என்பது மனங்கொள்ளத்தக்கது. அவரையினத்துக்கு அம்முறை பெரும்பயன் அளித்தது. அங்கே தாவரம் பற்றீரியாவுக்குச் சிறுகணு என்னும் வீட்டைக் கட்டி, உணவளித்து, ஒட்சிசன் அளவையும் கட்டுப்படுத்துகிறது. தானியப் பயிரோ வீடு கட்டுவதில்லை. வந்தவர் வேரின் திண்ணையிலே தங்கவேண்டும். முன்னரே அங்கிருப்போருடன் உணவுக்குப் போட்டியிடவும் வேண்டும்.

இவ்வேறுபாட்டைப் பொருட்படுத்தாமையின் விளைவைச் சோவியத் நாடு கண்டது. மண்ணில் தனித்து வாழ்ந்து நைதரசனைப் பதிக்கும் அசோற்றோபற்றர் என்னும் பற்றீரியாவை வளர்த்துத் தானிய வயல்களுக்கு இடும் முயற்சி அங்கு 1930 களில் தொடங்கிற்று. 1950 களில் அது பல மில்லியன் ஹெக்டேயருக்கு விரிந்தது. 1962 ஆம் ஆண்டில் மிஷுஸ்தினும் நௌமோவாவும் அப்பெறுபேறுகளை மீளாய்வு செய்தனர். பயன் ஒருசீராகக் கிடைக்கவில்லை. கிடைத்த இடங்களிலும் தானிய விளைவின் உயர்வு சிறிதாகவே இருந்தது. அச்சிறிய உயர்வும் நைதரசன் பதித்தலால் வந்ததன்று, பற்றீரியா சுரந்த வளர்ச்சிப் பொருள்களால் வந்திருக்கலாம் என அவர்கள் கருதினர். சொந்த நாட்டின் பெருந்திட்டத்தை நாட்டுக்குள் இருந்துகொண்டே அளந்து கூறிய அந்த நேர்மை போற்றற்குரியது.

அடுத்த பெயர் ஜொஹானா டோபறைனர். 1924 ஆம் ஆண்டில் செக்கோசிலோவாக்கியாவிற் பிறந்து, போரின் பின் இடம்பெயர்ந்து, மியூனிக் நகரில் விவசாயம் கற்று, பிறேசிலிற் குடியேறியவர் அவர். றியோ டி ஜெனீறோ நகருக்கு அண்மையிலுள்ள செரோபெடிக்காவில் வாழ்நாள் முழுவதும் பணிபுரிந்தார். 1970 களில் அவரும் உடனுழைத்தோரும் புற்களினதும் தானியங்களினதும் வேர்களிலிருந்து அசோஸ்பிறில்லம் என இப்போது வழங்கும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தனர். அவர்கள் கையாண்ட வழி எளிது. நைதரசன் சேர்க்கப்படாத, மேலேற்று உப்புக் கலந்த, பாதி உறைந்த ஏகார்க் கூழில் வேர்த்துண்டை இட்டனர். ஒட்சிசன் மிகினும் வாடி, குறையினும் வாடும் அப்பற்றீரியா, கூழின் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே தனக்கு ஏற்ற ஆழத்தைத் தேடிச்சென்று மெல்லிய ஆடையாகப் படர்ந்தது. இக்கண்டுபிடிப்பு உலகெங்கும் பெருநம்பிக்கையைத் தோற்றுவித்தது. கோதுமைக்கும் சோளத்துக்கும் யூரியாவே வேண்டாமற் போகலாம் எனவும் பேசப்பட்டது. பின்னர், வெட்டியெடுத்து ஓரிரவு வைத்திருந்த வேர்களில் அளந்த அளவுகள் உண்மையினும் மிகையானவை என்பது தெரியவந்தது. அதனினும் வியப்பானது ஒன்றுண்டு. நைதரசன் பதிக்கும் ஆற்றலை இழந்த அசோஸ்பிறில்லம் விகாரிகளை இட்டபோதும் பயிர் வளர்ச்சி பெற்றது. அப்பற்றீரியா இந்தோல் அசற்றிக் அமிலத்தைச் சுரக்கிறது. அதனால் பயிரின் பக்கவேர்களும் வேர்மயிர்களும் பெருகுகின்றன. பெருகிய வேர் மண்ணிலுள்ள நீரையும் ஊட்டத்தையும் மிகுதியாக உறிஞ்சுகிறது. ஆகவே, அது பயிருக்கு உணவு கொண்டுவரும் சுமைகாரன் என்பதினும், உண்ணும் வாயைப் பெரிதாக்கும் மருத்துவன் என்பதே பொருந்தும். மண்ணில் உணவே இல்லாவிடின் பெரிய வாயினால் என்ன பயன்?

பசளையும் போத்தலும் ஒன்றையொன்று எதிர்கொள்ளும் இடமும் இதுவே. ஒரு மூலக்கூற்று நைதரசனைப் பதித்தற்கு ஏறத்தாழ 16 ஏரீபீ மூலக்கூறுகளின் சக்தியைப் பற்றீரியா செலவிடவேண்டும். அமோனியம் அருகிலேயே கிடைக்கும்போது அச்செலவைச் செய்தல் வீண். ஆதலால் அசோஸ்பிறில்லம் தன் நைதரசனேசு நொதியத்தை உடனே முடக்கிவிடுகிறது. நைதரசன் பதித்தலுக்காகவே அதனை இடுவோர்க்கு யூரியா பகை. வேர் வளர்ச்சிக்காக இடுவோர்க்கு அளவான யூரியா நட்பு. 1994 ஆம் ஆண்டில் ஒக்கொன், லபன்டேரா என்போர் இருபதாண்டுக் களப் பரிசோதனைகளைத் தொகுத்து, நூற்றுக்கு 60 முதல் 70 வரையானவற்றில் பயன் கிடைத்தமையையும், அப்பயன் 5 முதல் 30 சதவீதம் வரை அமைந்தமையையும் எடுத்துக்காட்டினர். எஞ்சிய முப்பது நாற்பதும் எண்ணத்தக்கவையே. டோபறைனர் 2000 ஆம் ஆண்டில் காலமானார். அவர் தொடங்கிய வழியில் மரியாஞ்ஜெலா ஹுங்கிறியா தேர்ந்தெடுத்த அசோஸ்பிறில்லக் குலவகைகள் இன்று பிறேசிலின் சோள வயல்களிற் பெருமளவில் இடப்படுகின்றன. அங்குக் கூறப்படும் அறிவுரை, அவற்றை இட்டு மேற்கட்டு நைதரசனில் காற்பங்கைக் குறைக்கலாம் என்பதாகும். முழுவதையும் நிறுத்துமாறு கூறப்படவில்லை. 2025 ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு அவருக்கு வழங்கப்பட்டது.

நெல்லுக்கென ஒரு வரலாறு தனியே உண்டு. வங்காளத்து நெல்வயல்களின் வளம் பெரிதும் நீலப்பச்சை அல்காக்கள் பதிக்கும் நைதரசனால் வருவது என 1939 ஆம் ஆண்டில் பி. கே. டே காட்டினார். அவ்வல்காக்களும் பற்றீரியாக்களே என்பது இன்று தெளிவு. அவற்றைப் பற்றி 1980 ஆம் ஆண்டில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட விரிவான நூலின் ஆசிரியருள் ஒருவர் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் எஸ். ஏ. குலசூரிய என்பது இந்நாட்டவர்க்குப் பெருமை தருவது.

இத்தனையும் கற்றபின் மாணவன் ஒரு கணக்கிட்டான். ஒரு ஹெக்டேயரில் 15 சதமமீற்றர் ஆழம் வரையான மண்ணின் நிறை ஏறத்தாழ 2000 தொன். ஒரு கிராம் மண்ணில் குறைந்தது பத்துக்கோடி பற்றீரியாக்கள் எனக் கொள்ளலாம். பிறேசிலிற்போல மில்லிலீற்றருக்கு இருபது கோடி வீதம் 100 மில்லிலீற்றர் கலவையை இடின், வந்தவர் ஒருவருக்கு முன்னர் இருந்தோர் ஒரு கோடி. விதையில் தடவி வேரருகே விடுவதற்குக் காரணம் இதுவே. முளைத்த வயலின் நீரில் ஊற்றுதல், ஒரு கோடி மக்கள் வாழும் நகரின் எல்லையில் ஒருவனை இறக்கிவிட்டு அவன் நகரை ஆளுவான் எனக் காத்திருத்தலை ஒக்கும்.

ஆயினும் கணக்கு விடையாகாது என அவன் எண்ணினான். வயலையே கேட்பதென முடிவுசெய்தான். வரம்பால் பிரிந்த ஐந்து சிறு துண்டுகளைத் தெரிந்தான். முதலாவதற்கு ஒன்றும் இல்லை, இரண்டாவதற்குப் போத்தல், நான்காவதற்கு முந்திய சிறுபோகத்தில் எஞ்சிய யூரியா, ஐந்தாவதற்கு யூரியாவும் போத்தலும். மூன்றாவதற்காகப் போத்தலின் ஒரு பகுதியைப் பழைய சட்டியொன்றில் ஊற்றி அடுப்பில் வைத்தான்.

"இதென்னடா, பயிருக்குக் கசாயமோ?" என்றார் தாயார்.

"உயிரைக் கொண்டுபோட்டு ஏன் ஊத்துறாய்?" என்று வியந்தார் தந்தையார்.

"செத்ததும் உயிருள்ளதும் ஒரே வேலையைச் செய்தால், போத்திலுக்கை உயிர் இருந்து என்ன ஐயா பயன்?"

மூன்று கிழமைகளின் பின் இருவரும் வரம்பில் நின்று நோக்கினர். யூரியா பெற்ற இரு துண்டுகளும் பசுமையாக நின்றன. அவற்றிடையே கண்ணுக்கு வேறுபாடு தோன்றவில்லை. ஏனைய மூன்றும் ஒரேவிதமாக வெளிறி நின்றன. காய்ச்சியதும் காய்ச்சாததும் எது எனத் தந்தையாராற் சொல்ல முடியவில்லை. மாணவன் துண்டுக்குப் பத்துப் பயிராகப் பிடுங்கி வேர்களைக் கழுவி அளந்தான். உயிர்க்கலவை பெற்ற துண்டில் வேர் சற்று அடர்ந்ததுபோல் முதலில் தோன்றிற்று. அளவுகளை எழுதிப் பார்த்தபோது, ஒரு துண்டுக்குள்ளேயே இருந்த வேறுபாடு துண்டுகளுக்கிடையே இருந்த வேறுபாட்டினும் பெரிதாயிற்று. ஐந்து துண்டுகளில் ஒருமுறை செய்த சோதனை உலகுக்கு எதனையும் நிறுவாது என்பதை அவன் அறிவான். அந்தப் போத்தல் அந்த வயலில் அந்தப் போகத்தில் யூரியாவின் இடத்தை நிரப்பவில்லை என்பதை மட்டும் அது கூறிற்று.

சோதனையில் அவன் எண்ணியிராத ஒன்றும் கண்ணிற்பட்டது. வயலின் மேற்கு மூலை யூரியா இன்றியும் அத்துணை வெளிறவில்லை. "அதிலைதான் மூண்டு வரியமாய்ப் பெரியப்பாவின்ரை மாட்டுப்பட்டி கட்டினது" என்றார் தந்தையார். பட்டி கட்டுதலும் குழை தாழ்த்தலும் முன்னோர் செய்தவை. திருக்குறளின் உழவு அதிகாரமும் உழுதலினும் எருவிடுதலுக்கே ஏற்றம் தருகிறது. புறோட்போக் வயலின் தொழுவெருத் துண்டு எதைச் சொல்லிற்றோ அதையே மாட்டுப்பட்டியின் மூலையும் சொல்லிற்று. அங்கே குடிகளுக்கு உணவு இருந்தது. ஆனால் ஐந்து ஏக்கருக்கும் அவ்வாறு செய்யப் பட்டி மாடுகள் எத்தனை வேண்டும், எத்தனை ஆண்டு வேண்டும் என்பதைத் தந்தையார் விரல்விட்டு எண்ணிப் பெருமூச்செறிந்தார்.

"இல்லை ஐயா. இதை மட்டும் நம்பி ஒப்பேற்ற ஏலாது" என்றான் மாணவன். அவ்விடை நற்செய்தி அன்று; எனினும் காலத்துக்கு உதவிற்று. ஏனைய நிலத்துக்கும் போத்தல்கள் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் கையில் நின்றது. நவம்பர் மாத இறுதியில் தடை நீக்கப்பட்டபோது, ஏறிய விலைக்கு இரண்டு ஏக்கருக்கு மட்டும் யூரியா வாங்க அது போதுமாயிற்று. அவ்விரண்டு ஏக்கரும் கடனின் ஒரு பகுதியை அடைத்தன. மற்றைய மூன்றும் வைக்கோலையே மிகுதியாகத் தந்தன. அப்போகத்தில் நாடு முழுவதும் நெல் விளைவு முந்திய ஆண்டின் காலபோகத்தினும் மூன்றிலொரு பங்குக்கு மேல் வீழ்ந்தது. தாயாரின் காப்புகளில் ஒன்று மீண்டது. மற்றது மீள மேலும் இரு போகங்கள் சென்றன.

அதன்பின் அவ்வயலில் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. வைக்கோல் எரிக்கப்படுவதில்லை, பரப்பி உழப்படுகிறது. பட்டி ஆண்டுக்கொரு மூலையாக நகர்கிறது. யூரியாவை ஒரே முறையில் வாரியிறைக்காது, இலையின் நிறம் நோக்கிப் பகுத்து இடுகிறார்கள். மாணவன் பட்டம் பெற்று, நுண்ணங்கிப் பசளைகளைப் பற்றியே மேற்படிப்பை மேற்கொண்டிருக்கிறான். போத்தலை அவன் வெறுக்கவில்லை. தக்க குலவகை, தக்க மண், தக்க அளவு பசளை என்பன பொருந்துமிடத்து அது பயன்தரும் என்றே நம்புகிறான். அந்நம்பிக்கையை ஒவ்வொரு வயலிலும் மீண்டும் மீண்டும் அளந்து பார்க்கவேண்டும் என்பதும் அவன் துணிபு.

தந்தையாரோ தம் வழியில் ஆராய்ச்சியாளராகிவிட்டார். புதிய கலவையுடன் எவர் படலையைத் திறந்து வரினும், முதலில் இருக்கச் சொல்லித் தேநீர் கொடுப்பார். வந்தவர் தம் போத்தலின் பெருமைகளைக் கூறி முடிக்கும்வரை பொறுமையோடு கேட்பார். பின்னர் ஒரே ஒரு வினாவை எழுப்புவார்:

"எல்லாம் சரி தம்பி. இதைக் காய்ச்சி ஒரு பக்கம் ஊத்திப் பாத்தனீங்களோ?"